எங்கள் ஷெட்டில் நின்ற நீலத் தோணி

லாரி பின்பக்கமாகத்தான் ஷெட்டுக்குள் வந்தது. பின்னால் நின்று, "வரட்டும், வரட்டும், இன்னும் ஒரு முழம் வரட்டும்" என்று கையை ஆட்டியது நான். எங்கள் வீட்டுக்காரர் உள்ளே ஒரு பஸ் கதவின் பள்ளத்தை நிரப்பப் பட்டி பூசிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டில் இருந்த எங்கள் பெயிண்ட் ஷெட்டுக்கு வராத வண்டி கிடையாது. பஸ், லாரி, டிராக்டர், ஐஸ் வண்டி எல்லாம் வந்திருக்கின்றன. ஒரு தடவை சர்க்கஸ்காரர்களின் சிங்கக் கூண்டுகூட வந்தது, சிங்கம் இல்லாமல். ஆனால் அன்றைக்கு லாரியின் மேல் கவிழ்த்துப் போட்டுக் கயிறு கட்டிக் கிடந்தது ஒரு தோணி.

அடர்ந்த நீலம். விளிம்பில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளைக் கோடு. நாலைந்து பேர் உட்காரலாம். அதன் இரண்டு பக்கமும், பூனை பிராண்டியதுபோலக் கீறல்.

அவர் திரும்பிப் பார்த்தார். கையில் இருந்த பட்டித் தகட்டைக் கீழே வைத்தார். பட்டி காய்ந்துவிடும் என்று சோற்றுக்குக் கூப்பிட்டாலும் எழுந்திருக்காத மனிதர். டயரில் கால் வைத்து ஏறி, தோணியின் மேல் உள்ளங்கையை வைத்தார். அப்புறம் தலையைக் குனிந்து அதன் உட்பக்கத்தை மோந்து பார்த்தார்.

"அயினிப் பலகை" என்றார். தோணி கட்டுகிற மரம்.

அதற்கு முந்தைய எட்டு மாதத்தில் வேலைக்குச் சம்பந்தமில்லாமல் அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அதுதான்.

பேச்சு நின்றுபோன கதை

வருஷம் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. எமர்ஜென்சி எல்லாம் முடிந்து ஒன்றிரண்டு வருஷம் இருக்கும். எங்களுக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆகியிருந்தது. பெண் பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தன.

அவருக்குச் சொந்த ஊர் தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை. தோணிகளுக்குப் பெயிண்ட் அடிக்கிற குடும்பம். பஸ் பாடிக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை என்று இந்தப் பக்கம் வந்தவர் என்னைப் பார்த்தார், இங்கேயே இருந்துவிட்டார். அவர்கள் மாதா கோயில்காரர்கள், கத்தோலிக்கர். நாங்கள் வேதக்கோயில்காரர்கள், புராட்டஸ்டன்ட். வெளியே இருப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான் என்று தோன்றும். எங்களுக்குள் அப்படி இல்லை. அவருடைய அப்பா, "அந்தப் பெண்ணோடுதான் என்றால் இந்தக் கரைப்பக்கம் வராதே" என்று சொல்லிவிட்டார். இவர் போகவில்லை.

பத்து வருஷம் அந்த ஊரைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. மற்றதெல்லாம் பேசுவார், கேலி பேசுவார், பாடுவார். ஒருநாள் உப்பு லாரி டிரைவர் ஒருவர் டீ குடிக்க இறங்கியவர், இவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சூசை அண்ணாச்சி, உங்க அப்பா போயி இருவது நாளாச்சே. சொல்லி விடலியா?"

யாரும் சொல்லி விடவில்லை.

இவர் அன்றைக்கும் வேலை பார்த்தார். சாயங்காலம் கை கழுவினார், சாப்பிட்டார். அதற்குப் பிறகு, "கொண்டா", "எடு", "போதும்". இந்த மூன்று சொல்லில் குடித்தனம் நடந்தது. நானும் விடாப்பிடிக்காரி. அவராகப் பேசட்டும் என்று இருந்துவிட்டேன்.

மழை எப்போது வே?

தோணியைக் கொண்டுவந்த டிரைவர் பெயர் செல்லையா. வாசுதேவநல்லூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் பெரிய தோப்பு வைத்திருந்த ஒரு முதலாளியிடம் வேலை. அந்த வருஷம் ஐப்பசி, கார்த்திகை மழை பிய்த்துக்கொண்டு பெய்திருந்தது. தோப்பை ஒட்டிய குளம் பெருகிக் கலுங்கு தாண்டிப் போனது. முதலாளிக்கு ஆசை வந்துவிட்டது. தூத்துக்குடியில் சொல்லிச் செய்து வாங்கிய தோணி. லாரியில் ஏற்றும்போது இரண்டு பக்கமும் தகரத் தகட்டுக் கட்டுகளையும் ஏற்றியிருக்கிறார்கள். வழியெல்லாம் தகரம் உரசி வந்திருக்கிறது.

"இந்த மூஞ்சியோட கொண்டுபோனா மொதலாளி என்னையத்தான் குளத்துல முக்குவாவ. ஒரு வாரத்துல முடிச்சுக் குடுத்துருங்க அண்ணாச்சி. மாசி பொறந்துட்டா வயக்காட்டுக்குத் தொறந்து விட்டுருவாவ. தண்ணி கெடக்காது" என்றார் செல்லையா.

சங்கரன்கோவிலில் தோணி வந்து நின்றால் விடுவார்களா? சந்தைக்குப் போகிற மேலநீலிதநல்லூர் ஆட்கள் வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்தார்கள். ஒரு அம்மா தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், சாமி வாகனம் என்று நினைத்திருப்பாள். எதிரே டீக்கடை வைத்திருந்த தங்கையா எங்கள் கோயில்காரர், வாய் சும்மா இராது. ரோட்டைத் தாண்டி வந்து, இடுப்பில் கை வைத்து நின்று, வேதத்தில் வருகிற பிரளயக் கப்பலை வைத்துக் கேலியை எடுத்தார்.

"வே சூசை, எப்பம் வே மழை? நாப்பது நாளா? முன்கூட்டிச் சொல்லும். நானும் ஒரு சோடி ஆட்டைப் பிடிச்சுக்கிட்டு வந்துருதேன்."

எங்கள் வீட்டுக்காரர் நிமிர்ந்தார். "ஆட்டுக்கு எடம் இருக்கு வே. டீக்கடைக்காரனுக்குத்தான் இல்ல" என்றார்.

தங்கையா சிரித்த சிரிப்பில் கடையில் பால் பொங்கி அடுப்பு அணைந்துபோனது. நான் ஷெட்டின் பின்பக்கம் போய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

நகம் சொல்லும்

கீறல் எடுக்கிற வேலை எப்படி என்று இங்கே சொல்லத்தான் வேண்டும். அது தெரியாவிட்டால் நான் செய்தது என்ன என்று விளங்காது.

முதலில் கட்டைவிரல் நகத்தைக் கீறலின் குறுக்கே இழுக்க வேண்டும். நகம் மாட்டினால் கீறல் அடிப்பூச்சு வரை இறங்கியிருக்கிறது, அதற்குப் பெயிண்ட் வைத்து நிரப்பித்தான் ஆக வேண்டும். நகம் வழுக்கிக்கொண்டு போனால் மேல் கீறல். அதைத் தேய்த்தே எடுக்கலாம். அந்தத் தோணியில் மாட்டியது ஏழெட்டு இடம்தான். மிச்சமெல்லாம் வழுக்கியது.

பிறகு வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாள். சோப்புத் தண்ணீரில் நனைத்து, ஒரே போக்கில் தேய்க்க வேண்டும். சுற்றிச் சுற்றித் தேய்த்தால் வட்டம் வட்டமாகத் தடம் விழும். தேய்க்கத் தேய்க்கப் பளபளப்பு போய், நீலத்தின் மேல் மோர் சிந்தினாற்போல ஆகிவிடும். புதிதாகப் பார்க்கிறவர்கள், "ஐயோ, கெடுத்துட்டாங்களே" என்பார்கள். அதற்கு மேல் காம்பவுண்டு என்கிற பாலிஷ் பசை வைத்துப் பனியன் துணியால் அழுத்தித் துடைத்தால் நிறம் அடியிலிருந்து எழுந்து வரும். கடைசியில் மெழுகு.

தண்ணீர் பட்டவுடன் கீறல் மறைந்துவிடும். எல்லாம் போய்விட்டது என்று தோன்றும். காய்ந்தால் அப்படியே திரும்ப நிற்கும். அதனால் ஈரத்தில் வேலையை மெச்சக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி. உலர்ந்த துணியை வைக்கவே கூடாது. எங்கள் ஷெட்டு ரோட்டு மேல் இருந்தது. பஸ் ஒன்று போனால் கரிசல் தூசி உள்ளே வந்து மூக்கில் ஏறும். அந்தத் தூசி பெயிண்ட் மேல் உட்கார்ந்திருக்கும்போது உலர்ந்த துணியால் துடைத்தால், நாமே மணலை வைத்துத் தேய்த்த மாதிரி. முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுவி விட வேண்டும், பிறகுதான் துணி. ஷெட்டுக்குள் வந்த முதல்நாள் அவர் எனக்குச் சொன்னது அது.

எங்கள் அப்பா மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். அண்ணன்மார் இரண்டு பேரும் வாத்தியார், தங்கச்சி நர்ஸ். மூன்றாம் வகுப்போடு எழுந்து ஓடிவந்தவள் நான் ஒருத்திதான். வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா மற்ற பிள்ளைகளைக் கூப்பிட்டு நிறுத்துவார். என்னைக் காப்பி கொண்டுவரச் சொல்வார். அப்படிப்பட்ட என்னிடம், ஷெட்டில் மெக்கானிக்குகள் இருக்கும்போதே, "ஞானம், வந்து கை வச்சுப் பாரு" என்று எங்கள் வீட்டுக்காரர் கூப்பிடுவார். நான் கண்ணை மூடிக்கொண்டு தடவி, "இங்கன இருக்கு" என்பேன். இருக்கும். அந்த நாளில் நான் நடந்த நடையை இப்போது நினைத்தாலும் கொஞ்சம் நிமிர்ந்துதான் உட்காருகிறேன்.

தோணி நிழலில்

தோணியை மர முட்டின் மேல் தூக்கி வைத்தோம். அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பேப்பர் போகிற சத்தம் சர், சர் என்று வரும். முகம் தெரியாது. தோணி நடுவில்.

இரண்டாவது நாள், அந்தப் பக்கத்திலிருந்து பேச்சு வந்தது.

"மத்தியானத்துல எங்க ஊரு மணல்ல கால் வைக்க முடியாது. தெரியுமா? பொரிஞ்சுரும்."

நான் கையை நிறுத்தவில்லை. நிறுத்தினால் பேச்சும் நின்றுவிடுமோ என்று பயம்.

"அப்பா வேலை செய்யுத எடத்துக்குச் சோறு கொண்டு போவணும். வரிசையா தோணி ஏத்திப் போட்டிருப்பாவ. ஒரு தோணி நிழல்ல இருந்து அடுத்த தோணி நிழலுக்கு ஒரே ஓட்டம். அங்கன நின்னு மூச்சு வாங்கிக்கிட்டு, திரும்ப ஓட்டம். சோத்துப் பானையில பாதி மணல்தான் இருக்கும்."

"உங்க அப்பா ஏசமாட்டாவளா?" என்றேன்.

"மணலை ஒதுக்கிட்டுத் தின்னுவாரு. 'இன்னைக்கு எத்தனை நிழலுல நின்னே?'ன்னு கேப்பாரு."

அதற்குப் பிறகு தினமும் பேச்சு. அவர் அம்மா, தோணி திரும்பி வரும்போது பாயில் தைத்த ஒட்டுத் துணியைப் பார்த்தே யாருடையது என்று சொல்லிவிடுவாளாம். கடலுக்கு ஒவ்வொரு மாதமும் ஒரு வாசனையாம். அப்பாவுக்குக் கோபம் வந்தால் பேசமாட்டாராம், பெயிண்ட் டப்பாவைத் திரும்பத் திரும்பக் கலக்குவாராம். "உங்கள மாதிரியேன்னு சொல்லுங்க" என்றேன். அந்தப் பக்கம் பேப்பர் வேகமாகப் போனது. அப்புறம் ஒரு சிரிப்பு.

"உன்னைய அங்கன கூட்டிட்டுப் போயிருக்கணும் ஞானம்" என்றார்.

பத்து வருஷமாக அந்த வார்த்தைக்கு நான் காத்திருந்தேன் என்பதே அது காதில் விழுந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

உலர்ந்த துணி

ஒரு வாரத்தில் வேலை முடிந்துவிட்டது. அப்படி முடிய நான்தான் காரணம், என் பக்கம் எப்போதும் சீக்கிரம் முடியும். செல்லையா வந்து பார்த்து, நீலத்தில் தன் முகத்தைப் பார்த்து மீசையை ஒதுக்கிவிட்டுக்கொண்டார். "நாளைக்கு வண்டியோட வாரேன்" என்று போனார்.

மத்தியானம் இவர் மெழுகு டப்பா வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். நான் மட்டும் இருந்தேன். இரண்டு பஸ் அடுத்தடுத்துப் போனது. தூசி வந்து தோணியின் மேல் மெல்ல இறங்கியது. காலடியில் வாளியில் தண்ணீர் இருந்தது. கொடியில் உலர்ந்த துணி இருந்தது.

நான் துணியை எடுத்தேன்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அந்தப் பொய்யை எழுத எனக்கு இஷ்டமில்லை. தோணி போய்விட்டால் மறுபடியும் "கொண்டா, எடு, போதும்" என்று ஆகிவிடும். என் மனதில் அது ஒன்றுதான் இருந்தது. அழுத்தித் துடைத்தேன். சாய்ந்த வெயிலில் பார்த்தேன். தலைமுடி விழுந்ததுபோல மெல்லிசாக, இரண்டு பக்கமும் கீறல்.

அவர் வந்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"ரோட்டுத் தூசி" என்றேன்.

"ம்" என்றார். அடுத்த நாள் வெறும் வண்டியோடு செல்லையா திரும்பினார். எங்களுக்கு இன்னும் நாலு நாள் கிடைத்தது. நாலு நாளும் பேச்சுத்தான். தன் அப்பாவைப் பற்றி, கடைசியாகப் பார்த்த அன்றைக்குத் தான் பார்த்தது அவர் முதுகைத்தான் என்பதைப் பற்றி. அதைச் சொல்லும்போது அந்தப் பக்கத்தில் பேப்பர் சத்தம் நின்றது. நானும் நிறுத்தினேன். தோணியைச் சுற்றிப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

செல்லையா மறுபடி வந்தார். முகம் கறுத்துப்போயிருந்தது.

"அக்கா, குளத்துல படிக்கட்டு மூணு வெளிய தெரிஞ்சுட்டு. மொதலாளி என்னையத் திட்டுதாவ. நீங்க தேச்சு முடிக்கதுக்குள்ள நான் தோணியைச் சேத்துலதான் எறக்கணும் போலிருக்கு."

அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அன்றைக்கும் துணியை எடுத்தேன்.

கை போன தடம்

இந்தத் தடவை அவர் தலையைச் சாய்த்துப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவினார். நான் செய்கிற மாதிரி. பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"தூசி தானா விழுந்தா புள்ளி புள்ளியாத்தான் கெடக்கும் ஞானம். இது கை போன தடம்."

எனக்குக் காது சுட்டது. "நான் என்ன வேலை தெரியாதவளா?" என்றேன்.

"தெரிஞ்சவ கைதான்" என்றார். "ஒரே போக்குல போயிருக்கு."

ஏன் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. கேட்கவில்லை. கோபமும் படவில்லை. ஏசியிருந்தால் நானும் ஏசி, அழுது, முடித்திருப்பேன். அவர் பாட்டுக்கு வாளியை எடுத்து வந்து தண்ணீர் ஊற்றினார். கீறலெல்லாம் மறைந்து நீலம் மட்டும் நின்றது. பேப்பரை எடுத்து அவரே இரண்டு பக்கமும் தேய்த்தார். நான் தள்ளிப் போய் அந்தப் பழைய பஸ் கதவைத் துடைப்பதுபோலத் துடைத்துக்கொண்டிருந்தேன். வேலை தெரிந்தவள் வேலையைக் கெடுத்துப் பிடிபட்டுவிட்டாள். அதுவும் அவர் கையில். அந்த வெட்கத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் லாரி வந்தது. தோணியை ஏற்றினார்கள். இந்த முறை வைக்கோலைப் பரப்பி, சாக்குக் கட்டி, அவரே கயிறு போட்டார். முதலாளி சொல்லி அனுப்பியிருந்தாராம், வேலை செய்தவர் வந்து தோணியைத் தண்ணீரில் இறக்கிக் கொடுக்க வேண்டும் என்று. அவர் வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். லாரிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

"வாரியா?" என்றார். "உக்காந்து பாக்கலாம். சாயங்காலம் திரும்பிருவோம்."

நான் அதுவரை தோணியில் ஏறியதில்லை. அன்றைக்கு மன்னித்துக் கூப்பிடுகிறார் என்றுதான் எனக்குப் பட்டது. மன்னிப்பை வாங்கிக்கொண்டு போய் உட்கார எனக்கு உடம்பு வளையவில்லை.

"எனக்கு வேலை கெடக்கு" என்றேன்.

"பிள்ளைகளத் தங்கையா வீட்டுல விட்டுட்டு வாயேன்."

"வேலை கெடக்குன்னுதான சொல்லுதேன்."

அவர் லாரியில் ஏறினார். கதவைச் சாத்திக்கொண்டார். லாரி போன பிறகு பார்த்தேன், ஷெட்டில் ஒரு வேலையும் கிடக்கவில்லை.

செல்லையா சொன்னது

சாயங்காலம் அவர் வந்தார். முழங்கால் வரை வேட்டி நனைந்து காய்ந்திருந்தது. "தண்ணி கெடந்துச்சா?" என்றேன். "கெடந்துச்சு" என்றார். சாப்பிட்டார். நான் மேலே கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் பேசாமல் இருந்தார் என்று சொன்னால் பாவம். பேசினார். பிள்ளைகளின் படிப்பு, தங்கையாவின் கடன்கார மச்சான், எல்லாம் பேசினார். சாகிறவரைக்கும் பேசினார். கடலைப் பற்றி மட்டும் திரும்பவும் பேசவில்லை. நான் கேட்கவும் இல்லை.

தோணி போய் ஐந்தாறு நாள் இருக்கும். முதலாளியின் ஜீப்புக்கு மட்கார்டில் பெயிண்ட் வைக்க வேண்டும் என்று செல்லையா வந்தார். நான் வெளியே துணி அலசிக்கொண்டிருந்தேன். தானாகப் பேச்சை எடுத்தார்.

"அக்கா, அன்னைக்கு நீங்க வந்திருக்கணும். நல்ல தோணி. ஆனா அண்ணாச்சியால ஒரே சிரிப்பு போங்க."

"ஏன், என்ன செஞ்சாவ?"

"துடுப்பு நான்தான் போட்டேன். எனக்கு எங்க தெரியும்? அண்ணாச்சி எதுத்தாப்புல பலகையில இருந்தாவ. ரெண்டு பேரு தாராளமா இருக்குத பலகை. இவுக ஒரு ஓரத்துல ஒட்டிக்கிட்டு இருக்காவ. தோணி அந்தப் பக்கமா சாஞ்சே போவுது. 'நடுவுல உக்காருங்க அண்ணாச்சி, கவுந்துரும்'னு கத்துதேன். 'இது சரியாத்தான் இருக்கு, நீரு போடும்'ங்காவ. போயிட்டு வந்த வரைக்கும் சாஞ்சுதான் போச்சு. கரையில மொதலாளி விழுந்து விழுந்து சிரிக்காவ."

செல்லையாவும் சிரித்தார். நானும் சிரித்தேன். பலகையில் மிச்சம் கிடந்தது ஓர் ஆள் இடம், அது யாருக்கு என்று அவருக்குத் தெரியாது. ஈரத் துணியைப் பிழிந்து கொடியில் போட்டேன். செல்லையா ஜீப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

கொஞ்ச நேரம் கழித்து நானும் உள்ளே போனேன். ஜீப்பை விட்டுவிட்டு செல்லையா டீ குடிக்கப் போயிருந்தார். எங்கள் வீட்டுக்காரர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மட்கார்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். அன்றைக்கு ஏன் துணியை எடுத்தேன் என்று சொல்லத்தான் போனேன்.

"என்னட்டி?" என்றார்.

"ஒண்ணுமில்ல. வாளித் தண்ணியை மாத்தணுமான்னு கேக்க வந்தேன்."

தண்ணீர் அப்போதுதான் பிடித்து வைத்தது. அடி தெரியும்படி தெளிவாக இருந்தது. அவரும் அதைப் பார்த்தார், நானும் பார்த்தேன்.

"மாத்து" என்றார்.

வாளியைத் தூக்கிக்கொண்டு போய், அந்த நல்ல தண்ணீரை ரோட்டோரத்தில் கொட்டினேன்.